ஊர்க் கணக்கும் உரிமையும்

பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் மும்பையிலும், டெல்லியிலும், கொல்கத்தாவிலும், பெங்களூரிலும் வாழும் தமிழ் மக்களுக்குத் தம் ஊரோடு உள்ள உறவு பலவகைப்படும். குலதெய்வத்தின் கோயில் ஒன்று. உற்றார் உறவினர் மற்றொன்று. மூதாதையர் விட்டுச் சென்ற ஒரு துண்டு நிலமோ, பாழடைந்த வீட்டு மனையோ மூன்றாவது. முதல் இரண்டும் நினைவில் வாழ்வன. மூன்றாவது ஏட்டில் வாழ்வது. நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அது யாருடையது என்று ஊரார் சொல்வதும், அரசாங்கத்தின் ஏடு சொல்வதும் எப்பொழுதும் ஒன்றாயிருப்பதில்லை. தொலைவில் வாழ்வோருக்கு இந்த வேற்றுமை பெரும் இழப்பாக முடிவதுண்டு. ஆகவே நமது நாட்டில் நிலவரிப் பதிவேடுகள் எவ்வாறு தோன்றின, அவற்றை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது என்பவற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

தொடக்கத்திலேயே ஓர் உண்மையை மனத்திற் கொள்வோம். இந்தியாவில் நிலத்தைப் பற்றிய ஏடுகளுட் பெரும்பாலானவை வரியின் பிள்ளைகள். குடிமகனின் உரிமையைக் காப்பதற்கென்று அவை முதலில் எழுதப்படவில்லை. எவ்வளவு வரி வரும், யாரிடமிருந்து வரும் என்று ஆள்வோர் அறிந்துகொள்ளவே எழுதப்பட்டன. வரியின் கண் எதைக் கண்டதோ அதை ஏடு எழுதிற்று. அது காணாததை ஏடும் அறியாது. இந்த ஒரு சூத்திரம் கைவசம் இருந்தால், எந்த மாநிலத்து ஏட்டையும் நாம் ஓரளவு விளங்கிக்கொள்ளலாம்.

நிலத்தை அளந்து எழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று. முதலாம் இராஜராஜ சோழன் காலத்தில், 1000-ஆம் ஆண்டை ஒட்டி, சோழநாடு முழுவதும் அளக்கப்பட்டது. அப்பணியோடு தொடர்புடைய அதிகாரி ஒருவர் உலகளந்தான் என்ற பட்டத்தால் வழங்கப்பட்டார். வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கி, முந்திரிக்கும் கீழான நுண்ணிய பின்னங்கள் வரை நிலம் கணக்கிடப்பட்டதைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் காட்டுகின்றன. வரி நிருவாகத்திற்குப் புரவுவரித் திணைக்களம் என்ற துறை இருந்தது. அதில் வரிப்பொத்தகம் என்ற ஏட்டைக் காப்போரும், அதில் வரியைப் பதிவோரும் தனித்தனியே பணியாற்றினர்.

அக்கல்வெட்டுகளில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஓர் ஊரின் மொத்த நிலத்தைச் சொன்னபின், அதிலிருந்து ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து, எஞ்சிய நிலத்துக்கே வரி குறிக்கப்படுகிறது. மக்கள் குடியிருக்கும் இடத்துக்கு நிலவரி இல்லை. அக்காலக் குடிகளுக்கு இது ஒரு சலுகை. ஆனால் பிற்காலத்தில் இதே வழக்கம் எத்தகைய சிக்கலை விளைவித்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

வடநாட்டில் ஷேர்ஷா 1540-க்கும் 1545-க்கும் இடையே ஆண்ட குறுகிய காலத்தில் நிலத்தை அளந்து வரி விதிக்கும் முறையை வலுப்படுத்தினார். அக்பரின் அமைச்சர் தோடர்மால் அதை மேலும் செம்மை செய்தார். நனைந்தால் சுருங்கியும் காய்ந்தால் நீண்டும் போகும் சணற்கயிற்றுக்கு மாற்றாக, இரும்பு வளையங்களாற் பிணைத்த மூங்கில் அளவுகோல் வழக்கிற்கு வந்தது. 1580-ல் பத்தாண்டு விளைச்சலையும் விலையையும் சராசரி கண்டு வரியைப் பணமாக விதிக்கும் ஏற்பாடு அமைந்தது. இன்று நாம் வழங்கும் ஜமாபந்தி, தாசில், கிஸ்தி, பசலி முதலிய சொற்கள் யாவும் இந்த நெடிய நிருவாக மரபின் வழியாகவே தமிழுக்கும் வந்து சேர்ந்தன.

இவற்றுள் பசலி என்ற சொல்லை அறியாமல் பழைய ஏடு எதையும் படிக்க இயலாது. பசலி என்பது அறுவடையை ஒட்டிய வரி ஆண்டு. ஹிஜிரி ஆண்டு சந்திரன் வழிப்பட்டதாதலால் பருவங்களோடு ஒத்துப் போவதில்லை. வரியோ அறுவடையை ஒட்டித்தான் வசூலாக வேண்டும். ஆகவே அக்பர் காலத்தில் ஹிஜிரி எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன்பின் சூரிய ஆண்டாக எண்ணத் தலைப்பட்டனர். தக்காணத்தில் இதே ஏற்பாடு ஷாஜஹான் காலத்தில், சுமார் 80 ஆண்டு கழித்து வந்தது. அதற்குள் சந்திர ஆண்டு இரண்டு எண் முன்னே ஓடிவிட்டது. இதனால் வடநாட்டுப் பசலியும் தென்னாட்டுப் பசலியும் இன்றும் இரண்டு எண் வேறுபடுகின்றன.

தமிழ்நாட்டில் பசலி ஜூலை முதல் தேதி பிறக்கிறது. பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. பசலி 1389 என்றால் 1979 ஜூலை முதல் 1980 ஜூன் வரை. உத்தரப் பிரதேசத்து ஏட்டில் பசலி எண்ணைக் கண்டால் 592-ஐக் கூட்ட வேண்டும். லக்னோவிலோ கான்பூரிலோ வாழும் நம்மவர் ஊர்க்கணக்கைப் பழகிய கையோடு அங்குள்ள ஏட்டைப் படித்தால், இரண்டாண்டு பிசகிப்போகும்.

இனி, கம்பெனி ஆட்சிக்கு வருவோம். 1765-ல் வங்காளம், பீகார், ஒரிசா ஆகியவற்றின் வரி வசூலிக்கும் திவானி உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. 1793-ல் கார்ன்வாலிஸ் பிரபு சாசுவத ஏற்பாட்டைச் செய்தார். ஜமீன்தார் செலுத்தவேண்டிய தொகை என்றென்றைக்குமாக நிர்ணயிக்கப்பட்டது. குறித்த நாளின் சூரிய அஸ்தமனத்துக்குள் அது கட்டப்படாவிட்டால் ஜமீன் ஏலத்துக்கு வந்தது. ஜமீன்தாரின் பெயர் தெரிந்தால் போதும் என்றிருந்ததால் வயல்கள் அளக்கப்படவில்லை. உழுபவன் யார், அவன் எந்த வயலை எத்தனை தலைமுறையாக உழுகிறான் என்று எந்த அரசாங்க ஏடும் அறியவில்லை. வரியின் கண் ஜமீன்தாரோடு நின்றுவிட்டது. ஏடும் அங்கேயே நின்றுவிட்டது.

1885-ல் வந்த வங்காளக் குத்தகைச் சட்டத்தின் பிறகே அங்கு வயல்வாரியாக அளவையும் உரிமைப் பதிவேடும் பரவலாக எழுதப்பட்டன. இவ்வாறு பிறந்ததுதான் கதியான் என்னும் பதிவேடு. மேற்கு வங்காளத்தில் நிலத்தைத் தேடுவோர் முதலில் மௌஜா எனப்படும் வருவாய்க் கிராமத்தின் பெயரையும் அதன் ஜே.எல். எண்ணையும், பின்னர் தாக் எனப்படும் புல எண்ணையும், கதியான் எண்ணையும் அறிந்திருக்க வேண்டும். பதிவேட்டின் சான்றிட்ட நகலைப் பர்ச்சா என்பர். ஒரே நிலத்துக்கு ஆங்கிலேயர் காலத்துக் கதியான், பின்னர்த் திருத்தியது, 1955-ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டப்படி எழுதியது எனப் பல இருக்கக்கூடும். எந்தக் கதியான் என்று கேட்காமல் எண்ணை மட்டும் கொண்டு தேடுவது வீண் அலைச்சலாகும்.

தென்னாட்டின் கதை வேறு. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் எனப்பட்ட பகுதி, அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம், கம்பெனி வசமாயிற்று. அங்கே கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் ஒவ்வொரு குடியானவனோடும் நேரே வரி பேசும் முறையை நடத்தினர். மன்றோ 1820-ல் சென்னை மாகாணத்தின் கவர்னரான காலத்தில், ரயத்துவாரி என்னும் அம்முறை மாகாணத்தின் பொது முறையாயிற்று. இடையில் ஜமீன்தார் இல்லாததால் ஒவ்வொரு வயலையும் அரசாங்கமே அறியவேண்டி வந்தது. 1850-களின் பிற்பகுதியிலிருந்து முறையான அளவையும், மண்ணின் தரம் பிரித்துத் தீர்வை விதிக்கும் செட்டில்மெண்டும் மாவட்டந்தோறும் நடைபெற்றன. நஞ்சை, புஞ்சை, தரம், தீர்வை, புல எண் என்று இன்றும் நம் பட்டாவில் காணும் பகுப்புகள் அப்பணியில் உருப்பெற்றவை.

ரயத்துவாரியில் குடியானவனுக்கு நிலத்தை விட்டுவிடும் உரிமையும் இருந்தது. தீர்வை கட்ட முடியாதவன் எழுத்து மூலம் நிலத்தை விடுவதற்கு ராஜினாமா என்று பெயர். இன்று உத்தியோகத்தை விடுவதற்கு நாம் வழங்கும் சொல்தான் அது. தரிசு நிலத்தைக் கேட்டு மனுச் செய்வது தர்க்காஸ்து. கட்டாத தீர்வைக்கு நிலத்தை ஏலமிடும் அதிகாரத்தை 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் வகுத்தது. கடல் கடந்தும் மாகாணம் கடந்தும் பிழைக்கப் போன முன்னோரின் நிலம் கைமாறிய வரலாற்றைத் தேடுவோர், கிரயப் பத்திரம் ஒன்றும் அகப்படாவிட்டால் இந்த வழிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விற்காமலே நிலம் கைவிட்டுப் போவதற்கு அக்கால ஏடுகளில் வாயில்கள் இருந்தன.

வடமேற்கில் மூன்றாவது முறை ஒன்று வளர்ந்தது. ஹோல்ட் மெக்கன்சி என்பார் வகுத்த திட்டப்படி 1822-ஆம் ஆண்டின் ஒழுங்குச் சட்டம் மகால்வாரி முறைக்கு வித்திட்டது. மகால் எனப்பட்ட ஊர்த்தொகுதி முழுவதும் கூட்டாக வரிக்குப் பொறுப்பு. ஆகவே ஊருக்குள் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை எழுத வேண்டியதாயிற்று. உத்தரப் பிரதேசத்தில் கஸ்ரா என்பது வயல்வாரிப் பட்டியல். கத்தௌனி என்பது உடைமையாளர்வாரிப் பேரேடு. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் ஒவ்வொரு பருவத்திலும் பயிரைப் பார்வையிட்டு எழுதுவது கிர்தாவரி. கைமாற்றத்தைப் பதிவது இந்தக்கால். துணியில் வரைந்த ஊர்ப்படம் ஷஜ்ரா.

இங்கே நம்மவர் தடுமாறும் சொல் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஜமாபந்தி என்றால் ஆண்டுதோறும் அதிகாரிகள் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்து மனுக்களைப் பெறும் நிகழ்ச்சி. பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் ஆகிய இடங்களில் ஜமாபந்தி என்றால் உரிமைப் பதிவேடே. அங்குள்ள அலுவலகத்தில் ஜமாபந்தி நகல் வேண்டும் என்று கேட்டால் ஏட்டின் நகல் கிடைக்கும். நம் ஊரில் அதே சொல்லைச் சொன்னால் அது நடைபெறும் தேதியைச் சொல்வார்கள்.

பம்பாய் மாகாணத்தில் கோல்ட்ஸ்மிட், விங்கேட் என்ற இரு அதிகாரிகள் 1835-ஐ ஒட்டிப் புனே மாவட்டத்து இந்தாபூரில் தொடங்கிய அளவை, பிறகு அம்மாகாணம் முழுவதற்கும் மாதிரியாயிற்று. அங்கு வழங்கும் சாத்பாரா, அதாவது ஏழு-பன்னிரண்டு, என்ற பெயரைக் கேட்டுப் பலர் திகைப்பர். அது வெறும் படிவ எண். ஏழாம் எண் படிவம் உரிமையைச் சொல்லும். பன்னிரண்டாம் எண் படிவம் பயிரைச் சொல்லும். இரண்டும் ஒரே தாளில் வருவதால் இப்பெயர். ஆறாம் எண் படிவம் பேர்பார் எனப்படும் மாற்றப் பதிவேடு. எட்டு-அ என்பது ஒருவர் பெயரிலுள்ள நிலமனைத்தையும் காட்டும் கணக்கு. நம்மூரிலும் கிராமக் கணக்குகளுக்கு எண்கள் உண்டு. இரண்டாம் எண் கணக்கு அடங்கல். அது பயிரையும் அனுபவத்தையும் சொல்லும். பத்தாம் எண் கணக்கு சிட்டா. அது பட்டாதாரர்வாரியாகச் சொல்லும். எனவே சிட்டாவைப் படிக்கத் தெரிந்தவருக்கு எட்டு-அ அயலானதன்று.

கர்நாடகத்தில் பயிரும் உரிமையும் சேர்ந்த பதிவை பஹணி என்பர். 2000-ஆம் ஆண்டை ஒட்டி அம்மாநிலம் பூமி என்ற திட்டத்தின் கீழ்ச் சுமார் 2 கோடிப் பதிவுகளைக் கணிப்பொறியில் ஏற்றிற்று. கையெழுத்து ஏட்டுக்கு மாற்றாகக் கணிப்பொறி நகலே செல்லும் என்றாயிற்று. கேரளத்தில் நிலவரிக் கணக்கு எண்ணுக்குத் தண்டப்பேர் என்று பெயர். தண்டுதல் என்றால் வரி வசூலித்தல் என்பதைத் தமிழர் எளிதில் உணர்வர். யார் பெயரில் வரி தண்டப்படுகிறதோ அந்தப் பெயர் என்ற பொருளை அச்சொல்லே வெளிப்படையாகத் தாங்கி நிற்கிறது. இந்தியாவின் வரி ஏடுகள் அனைத்தின் இயல்பையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது தண்டப்பேர்.

இப்பொழுது, வரி காணாததை ஏடும் காணாது என்று முன்னர்க் கூறியதற்குத் திரும்புவோம். சோழர் காலத்தைப் போலவே ஆங்கிலேயர் காலத்திலும் குடியிருப்பு நத்தத்துக்கு நிலத்தீர்வை விதிக்கப்படவில்லை. ஆகையால் நத்தத்தினுள் எந்த வீடு யாருடையது என்று பெரும்பாலும் வருவாய் ஏட்டில் எழுதப்படவும் இல்லை. டெல்லியைச் சூழ்ந்த கிராமங்களில் 1908-ல் குடியிருப்பைச் சுற்றிப் படத்தில் ஒரு சிவப்புக் கோடு இட்டனர். அதுவே லால் டோரா. கோட்டுக்கு வெளியே உள்ள வயலுக்கு ஏடு உண்டு. உள்ளே உள்ள வீட்டுக்கு இல்லை. பல தலைமுறை வாழ்ந்த வீட்டைக் காட்டிக் கடன் பெறவும் இயலாத நிலை நாடெங்கும் இவ்வாறு உண்டாயிற்று. தமிழ்நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நத்தம் நிலவரித் திட்டத்தின் கீழ் மனைகளை அளந்து, முதலில் தோராயப் பட்டாவும் பின்னர்த் தூய பட்டாவும் வழங்கினர். அகில இந்திய அளவில் 2020 ஏப்ரலில் தொடங்கிய ஸ்வாமித்வ திட்டம் ஆளில்லா விமானங்களைக் கொண்டு கிராமக் குடியிருப்புகளைப் படமெடுத்து உரிமை அட்டை வழங்க முற்பட்டது. ஆயிரம் ஆண்டுச் சலுகை விட்டுச் சென்ற வெற்றிடத்தை நிரப்பும் முயற்சி என்றே இதைக் கொள்ள வேண்டும்.

ஏட்டின் ஓரத்தில் உள்ள சிறு குறிப்பும் பெரும் வரலாற்றை அடக்கியிருப்பதுண்டு. செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை விவரித்து அளித்த அறிக்கையின் பயனாக, 1892-ல் சென்னை அரசாங்கம் அம்மக்களுக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என வழங்கும் அவற்றைப் பிறருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. ஆயினும் பல இடங்களில் அந்நிலங்கள் பிறர் கைக்குச் சென்றன. அவற்றை மீட்க முயல்வோருக்குப் பெருந்துணையாயிருப்பது பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் உள்ள அந்த நிபந்தனைக் குறிப்பே. புதிய ஏட்டில் அக்குறிப்பு விடுபட்டுப் போயிருந்தாலும் பழைய ஏடு பேசும். பழைய ஏடு ஒன்று அழிந்தால் ஏழையின் சாட்சி ஒன்று அழிகிறது.

விடுதலைக்குப் பின் ஏடுகள் பலவும் மாறின. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. சென்னை மாகாணத்தில் 1948-ல் அச்சட்டம் நிறைவேறியது. ஆகவே இராமநாதபுரம், சிவகங்கை போன்ற பழைய ஜமீன் பகுதிகளைச் சேர்ந்தோர், ரயத்துவாரி ஊர்களுக்கு உள்ளதுபோல் பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசாங்கச் செட்டில்மெண்ட் ஏட்டைத் தம் ஊருக்குத் தேடினால் ஏமாற நேரும். ஏட்டை எழுதும் கையும் மாறிற்று. உத்தரப் பிரதேசத்தில் 1953-ல் பட்வாரிகள் திரளாக ராஜினாமாச் செய்ய, வருவாய் மந்திரியாயிருந்த சரண் சிங் அவற்றை ஏற்று, லேக்பால் என்ற புதிய பதவியை ஏற்படுத்தினார். தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் பரம்பரையாக வந்த கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிருவாக அலுவலர் பதவி வந்தது.

இதே காலத்தில், 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை, தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தேறியது. மக்கள் இதைச் சுருக்கமாக யு.டி.ஆர். என்பர். ஏக்கரும் செண்டும் ஹெக்டேரும் ஏருமாயின. பல ஊர்களில் புல எண்கள் புதியனவாயின. பட்டாதாரர் பெயர்கள் அனுபவத்தைப் பார்த்துத் திருத்தப்பட்டன. ஊரில் இருந்தவர் நேரில் நின்று தம் பெயரைச் சொல்லிக்கொள்ள முடிந்தது. ஊரில் இல்லாதவருக்காகப் பேச யாரும் இல்லாத இடத்தில், பெயர் விடுபட்டதும் உண்டு. பங்காளியின் பெயர் மட்டும் ஏறியதும் உண்டு. உரியவர் அறியப்படாத நிலம் அனாதீனம் என்று எழுதப்பட்டதும் உண்டு. வெளிமாநிலத் தமிழர் பலரின் வழக்குகள் இந்த எட்டாண்டுகளில் வேர் கொண்டவை. இத்தகைய பிழைகளைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யும் வழி உண்டு என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

இனித் தேடும் முறையைச் சொல்வோம். முதலில் ஊர்ப் பெயர் போதாது; வருவாய்க் கிராமத்தின் பெயர் வேண்டும். பல குக்கிராமங்கள் சேர்ந்தே ஒரு வருவாய்க் கிராமம் ஆகும். அடுத்து வட்டமும் மாவட்டமும். மாவட்டங்கள் காலந்தோறும் பிரிந்து, இன்று தமிழ்நாட்டில் 38 உள்ளன. தாத்தாவின் பத்திரத்தில் வட ஆற்காடு என்றிருந்தால், இன்று அவ்வூர் எந்த மாவட்டம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். மூன்றாவது புல எண்ணும் அதன் உட்பிரிவும். பழைய பத்திரத்தில் உள்ளது பழைய எண்ணானால், அதற்குரிய புதிய எண்ணை அ-பதிவேட்டிலிருந்து காண வேண்டும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை இன்று கணிப்பொறி வழியே எங்கிருந்தும் பார்க்கலாம். யு.டி.ஆருக்கு முந்திய பழைய ஏடுகளுக்கோ வட்டாட்சியர் அலுவலகத்திலும், மாவட்டப் பதிவறையிலும், சென்னையிலுள்ள ஆவணக் காப்பகத்திலும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

ஏடு கைக்கு வந்தபின் அளவைச் சரிபார்க்க வேண்டும். 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 செண்டு. 0.40.5 என்று எழுதியிருந்தால் 40.5 ஏர், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்று பொருள். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் 40 குண்டா ஓர் ஏக்கர். பஞ்சாபில் 20 மர்லா ஒரு கனால், 8 கனால் ஓர் ஏக்கர். வங்காளத்தில் சதக் என்பது நமது செண்டே. அதன்பின் பட்டா தனிப்பட்டாவா, கூட்டுப்பட்டாவா என்று பார்க்க வேண்டும். கூட்டுப்பட்டாவில் பெயர் இருப்பதால் மட்டும் எந்தப் பகுதி எவருடையது என்று விளங்காது. கடைசியாகக் குறிப்புப் பத்தியைப் படிக்க வேண்டும். பலர் அதைப் படிப்பதில்லை. நிபந்தனையும் ஆணையும் அங்கேதான் தங்கியிருக்கும்.

இவ்வளவும் அறிந்தபின் ஓர் எச்சரிக்கையும் தேவை. வருவாய் ஏட்டில் பெயர் மாறுவதால் மட்டும் உரிமை பிறப்பதுமில்லை, அழிவதுமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-லும் 1997-லும் தெளிவாகக் கூறியிருக்கிறது. தீர்வையை யாரிடம் பெறுவது என்ற காரியத்துக்கே அப்பதிவு. கிரயமும் பாகமும் பதிவுத் துறையைச் சேர்ந்தவை. அவற்றை வில்லங்கச் சான்று காட்டும். வீட்டு வரியோ ஊராட்சியைச் சேர்ந்தது. அந்த ரசீது வரி கட்டியதற்குச் சான்றேயன்றி மனைக்கு உரிமைப் பத்திரம் ஆகாது. பெங்களூரில் காத்தா எனப்படுவதும் இதே இனத்தது. மூன்று அலுவலகங்களின் மூன்று ஏடுகளும் ஒரே பெயரைச் சொல்லும்போதுதான் நாம் அமைதியாக உறங்கலாம். அவை வேறுபட்டால், வேறுபாடு எந்த ஆண்டில் புகுந்தது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

ஆனால் ஏட்டின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. வரிக்கென்று எழுதியது வேறு பல காரியங்களுக்கும் அளவுகோலாகிவிடுகிறது. ஜார்க்கண்ட் சட்டப் பேரவை 2022 நவம்பரில் ஒரு மசோதாவை நிறைவேற்றிற்று. 1932 அல்லது அதற்கு முந்திய கதியானில் தம் பெயரோ முன்னோர் பெயரோ உள்ளவரே உள்ளூரார் என்பது அதன் சாரம். ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 டிசம்பரில் பேரவை அதை மீண்டும் நிறைவேற்றிற்று. நிலத்தை இழந்துவரும் பழங்குடி மக்களின் நெடுநாள் ஆதங்கம் அக்கோரிக்கையின் பின்னே இருக்கிறது. அதே வேளையில் ஜாம்ஷெட்பூரில் மூன்று தலைமுறையாக உழைத்து வாழும் குடும்பங்களின் கவலையும் இருக்கிறது. எவரோ ஒரு அமீன் சங்கிலி பிடித்து எழுதிய வரி ஏடு, தொண்ணூறு ஆண்டு கழித்து, மண்ணின் மகன் யார் என்ற வினாவுக்கு விடை சொல்ல அழைக்கப்படுகிறது. எழுதியவர் இதைக் கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசாங்க வருவாயின் முதற்பெரும் தூணாயிருந்தது நிலத்தீர்வை. இன்று அது பல மாநிலங்களில் ஒரு வேளை உணவின் விலைக்கும் குறைந்த தொகை. வரி சிறுத்துவிட்டது, ஏடோ பெருத்துவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். நிலத்தைப் பொறுத்தவரை, கொல்லையில் காய்த்த சுரைக்காயும் ஏட்டில் இல்லாவிட்டால் உதவாமற் போகிறது.

தொலைவில் வாழும் நாம் செய்யக்கூடியது மூன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்ப்பது. சிறிதாயினும் தீர்வையை நம் பெயரில் கட்டி ரசீதைப் பேணுவது. பெரியவர்கள் மறையுமுன் புல எண்ணையும் எல்லைகளையும் அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது. வாரிசுகளின் பெயரை ஏட்டில் ஏற்றும் காரியத்தைத் தள்ளிப்போடுவதும் நன்றன்று. ஊரில் உள்ள பங்காளியோடு நல்லுறவு இருக்கும்போதே இவற்றைச் செய்துகொள்வது, அவ்வுறவைக் காக்கவும் துணைபுரியும். ஏடு, தன் முன்னே வந்து நிற்பவரைத்தான் எழுதும் என்பது அதன் வரலாறு முழுவதும் நாம் காணும் பாடம். நேரில் நிற்க இயலாத நாம், நம் கையெழுத்தையாவது ஆண்டுதோறும் அதன் முன் நிற்கச் செய்வோமாக.